பழைய பத்மினி காரை வீட்டிலேயே சரிசெய்து, கையாலேயே பெயின்ட் அடிப்பது எப்படி?

2025 ஆடி மாதம் 1986-ஆம் வருடத்துப் பிரீமியர் பத்மினி ஒன்றை வாங்கினேன். என்ஜின் நன்றாக இருந்தது, பாடிதான் மோசம். திருச்சியில் இரண்டு பட்டறைகளில் விசாரித்தேன். டிங்கரிங், பெயின்டிங் சேர்த்து ஒருவர் 75,000 ரூபாய் சொன்னார், இன்னொருவர் 90,000. வண்டி விலையே அவ்வளவு இல்லை. அதனால் வீட்டுக் கொட்டகையிலேயே வைத்து, ஸ்பிரே கன், கம்ப்ரசர் எதுவும் இல்லாமல், ரோலரும் பிரஷ்ஷும் வைத்து அடித்தேன்.

முதல் முறை அடித்த பெயின்ட் மூன்றே வாரத்தில் கொப்பளித்தது. எல்லாவற்றையும் சுரண்டிப் போட்டுவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன். இரண்டாம் முறை அடித்தது இன்றுவரை அப்படியே இருக்கிறது. முதல் முறைக்கும் இரண்டாம் முறைக்கும் இடையில் நான் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். உங்களுக்கு அந்த மூன்று மாதம் வீணாகக் கூடாது.

1. வண்டியைத் தொடுவதற்கு முன் ஆர்.சி.யைப் பாருங்கள்

ஆர்.சி.யில் எழுதியிருக்கும் நிறம் என்ன? அதே நிறத்தில் அடித்தால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஒரு வேலையும் இல்லை. நிறத்தை மாற்றினால் விண்ணப்பம் போட்டு, ஆர்.சி.யிலும் மாற்றி வாங்க வேண்டும். ஆசைக்காகச் சிவப்பு அடித்துவிட்டு, ஆர்.சி.யில் க்ரீம் என்று இருந்தால், வண்டியை நிறுத்திக் கேட்பவரிடம் பதில் சொல்ல முடியாது. என் யோசனை: பழைய நிறத்திலேயே நில்லுங்கள். அதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கதவு மடிப்பு, டிக்கி உள்பக்கம் என்று கை எட்டாத இடமெல்லாம் பழைய நிறம்தான் இருக்கும்.

அடுத்து, ஆர்.சி. எந்தத் தேதிவரை செல்லும்? சொந்த வண்டிக்கு முதல் பதிவு 15 ஆண்டு, அப்புறம் ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும். 1986-இல் பதிவான என் வண்டிக்கு 2001, 2006 என்று வந்து, இந்த முறை 2026 ஏப்ரலில் முடிந்தது. முடியும் நாளுக்கு 60 நாள் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். ஆய்வாளர் வண்டியை நேரில் பார்ப்பார். ஆகவே பெயின்ட் வேலையை அந்தத் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணித் தொடங்குங்கள். கட்டணம் முன்பு 5,000 ரூபாய். 2025 ஆகஸ்டில் வந்த திருத்தப்படி 20 ஆண்டு கடந்த கார்களுக்கு 10,000. தேதி தவறினால் மாதத்துக்கு 500 ரூபாய் கூடுதல். பழைய வண்டிகளுக்கான பசுமை வரி இதில் சேராது, அதைத் தனியாகக் கட்ட வேண்டும்.

பழைய வண்டி வாங்குகிறவர்கள் இரண்டு இடத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். ஒன்று, முப்பது வருடத்துக்கு முன் வாங்கிய கடன். ஃபைனான்ஸ் கம்பெனி பெயர் ஆர்.சி.யிலேயே நின்றுகொண்டிருக்கும், கம்பெனி மூடியே போயிருக்கும். கடன் தீர்ந்தது என்று படிவம் 35-இல் கையெழுத்துப் போட ஆள் இருக்காது. இதை விற்பவர் தீர்த்துக் கொடுத்தால்தான் பணம் கொடுங்கள். இன்னொன்று, வண்டி எண் அரசின் வாகனப் பதிவு இணையதளமான பரிவாஹனில் இல்லாமல் இருப்பது. பழைய புத்தக ஆர்.சி.க்கள் பல இன்னும் கணினியில் ஏறவில்லை. எண்ணைப் போட்டுப் பார்த்து விவரம் வரவில்லை என்றால், பதிவான ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பேக்லாக் என்ட்ரி போட, அதாவது பழைய விவரத்தைக் கணினியில் ஏற்றச் சொல்லிக் கேளுங்கள். அது முடியாமல் பெயர் மாற்றம், புதுப்பிப்பு எதுவும் நகராது. பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. உரிமையாளர் இறந்திருந்தால் வாரிசுகளுக்குப் படிவம் 31.

50 ஆண்டு கடந்த வண்டி வைத்திருப்பவர்களிடம் விண்டேஜ் பதிவுக்குப் போகச் சொல்வார்கள். 2021-இல் வந்த விதி அது. புதிய பதிவுக்கு 20,000 ரூபாய், பத்தாண்டு செல்லும். ஆனால் அப்படிப் பதிந்த வண்டியை அன்றாடம் ஓட்ட முடியாது. கண்காட்சி, ஊர்வலம், பராமரிப்பு, பெட்ரோல் போடுவது, இவற்றுக்கு மட்டும்தான் வெளியே எடுக்கலாம். கோயிலுக்கும் கடைக்கும் ஓட்ட நினைப்பவருக்கு அது சரிப்படாது.

2. மாதத்தைத் தேர்ந்தெடுங்கள்

நான் தொடங்கியது ஐப்பசியில். அதுதான் முதல் தவறு. வடகிழக்குப் பருவமழைக் காற்றில் எனாமல் பெயின்ட் சரியாகக் காயாது, மேடுபள்ளத்தைச் சமப்படுத்தும் பட்டியும், பெயின்ட்டுக்கு அடியில் பூசும் பிரைமரும் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். மார்கழியிலும் வேண்டாம். மாலை அடித்த பெயின்ட் மேல் இரவில் பனி இறங்கினால் காலையில் பளபளப்பு போய், சாம்பல் பூத்த மாதிரி மங்கிக் கிடக்கும்.

தை கடைசியிலிருந்து பங்குனி பாதிவரை நல்ல காலம். கத்திரி வெயிலும் ஆகாது. தகரம் சுட்டால் ரோலர் போன வேகத்தில் பெயின்ட் இழுத்துப் பிடித்துக்கொள்ளும், கோடு விழும். நல்ல மாதத்திலும் காலை எட்டரையிலிருந்து பதினொன்றுக்குள் அடித்து முடித்துவிடுங்கள். மாலையில் விளக்கு போட்டு அடித்தால் ஊரில் உள்ள பூச்சியெல்லாம் பானட்டில் வந்து ஒட்டும்.

மேலே கூரை இருக்க வேண்டும். மரத்தடி ஆகாது, முக்கியமாக வேப்பமரத்தடி. தரையில் தண்ணீர் தெளித்துப் புழுதியை அடக்கிவிட்டு, தரை அரைகுறையாகக் காய்ந்த பிறகு தொடங்குங்கள்.

3. தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடியுங்கள்

இந்தப் படியை எல்லாரும் தாண்டிப்போகிறார்கள். நானும் தாண்டிப்போனேன். பத்மினி துருப்பிடிப்பது பெரும்பாலும் உள்ளேயிருந்துதான். வெளியே ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குக் கொப்பளம் தெரிகிறது என்றால், உள்ளே உள்ளங்கை அளவு தகரம் போயிருக்கும். தண்ணீர் வரும் வழியை அடைக்காமல் மேலே எவ்வளவு நல்ல பெயின்ட் அடித்தாலும் ஒரு மழைக்காலம்தான் தாங்கும்.

சீட்டையும் கால்மிதி விரிப்பையும் அதற்கடியில் ஒட்டியிருக்கும் தார் ஷீட்டையும் முழுதாக எடுத்துவிடுங்கள். கண்ணாடிக்குக் கீழே, டேஷ்போர்டு ஓரம், கதவு வாசல் ஓரம் எல்லாம் சாக்பீஸ் பொடியைத் தூவுங்கள். நீங்கள் டார்ச்சோடு உள்ளே உட்கார்ந்து கதவை மூடிக்கொள்ள, வெளியே ஒருவர் ஓஸ் பைப்பால் மெதுவாகத் தண்ணீர் விடட்டும். கீழிருந்து மேலே போக வேண்டும். முதலில் கதவடி, பிறகு கதவுக் கண்ணாடி, கடைசியாக முன் கண்ணாடி. மேலிருந்து தொடங்கினால் எல்லா இடமும் ஒரே நேரத்தில் நனைந்து, எது ஓட்டை என்று தெரியாது.

எங்கள் வீட்டில் ஓஸ் பிடித்தது என் மகள். முன் கண்ணாடியின் இடது கீழ் மூலைக்கு வந்தபோது, வெள்ளைப் பொடியில் ஒரு சாம்பல் நிறக் கோடு மெல்ல இறங்கியது. “அப்பா, போதுமா?” என்று கேட்டாள். “அங்கேயே பிடிம்மா” என்றேன். அந்தக் கோடு டேஷ்போர்டுக்குப் பின்னால் மறைந்து, ஒரு நிமிடம் கழித்து என் கால் கட்டைவிரல் பக்கத்தில் தரையில் சொட்டியது. துரு எங்கே அதிகமாக இருந்ததோ, சரியாக அதே இடம். கண்ணாடியைச் சுற்றியுள்ள ரப்பர் நாற்பது வருடத்தில் கல்லாகிவிட்டது. அந்த ஒரு ரப்பரை மாற்றாமல் நான் முதல் முறை பெயின்ட் அடித்திருந்தேன்.

கதவுகளின் அடிவிளிம்பில் தண்ணீர் வடியச் சின்னத் துளைகள் இருக்கும். மண்ணும் பழைய பெயின்ட்டும் அடைத்திருக்கும். கம்பியால் குத்தித் திறந்துவிடுங்கள். பட்டியோ பெயின்ட்டோ போடும்போது இவற்றை மறுபடி அடைத்துவிடாதீர்கள்.

கதவோரத்தில் ஓடும் பீடிங் ரப்பர்கள், கண்ணாடி ரப்பர் எல்லாம் சென்னையில் ஜி.பி. ரோட்டில் இன்னும் கிடைக்கின்றன. புதுப்பேட்டையில் பழைய கதவு, பானட், கைப்பிடி கிடைக்கும். போகும்போது பழைய ரப்பரில் ஒரு அடி வெட்டிக் கையோடு எடுத்துப் போங்கள். வாய்வார்த்தையில் சொன்னால் வேறு அளவு வந்து சேரும்.

4. துருவை வெட்டி எடுங்கள், மூடாதீர்கள்

ஒரு சின்னக் காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி, பாடி முழுக்க நகர்த்திப் பாருங்கள். பிடிப்பு குறையும் இடத்தில் முன்பு யாரோ கனமாகப் பட்டி போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். அங்கெல்லாம் பட்டியைச் சுரண்டி எடுத்துவிட்டுத் தகரத்தைப் பாருங்கள். ஸ்குரூடிரைவரால் குத்தினால் உள்ளே போகிற இடம் எதுவாக இருந்தாலும் வெட்டத்தான் வேண்டும்.

பத்மினிக்குத் தனி சேஸ் (அடிச்சட்டம்) கிடையாது, பாடியேதான் சேஸ். தரை, கதவுக்குக் கீழே ஓடும் சில், ஜாக்கி வைக்கும் இடம், ஸ்பிரிங் மாட்டும் இடம் எல்லாம் எடையைத் தாங்குகின்றன. இந்த இடங்களில் ஃபைபர் ஷீட்டும் பட்டியும் வைத்து மூடுவது உயிரோடு விளையாடுவது. தகரம் வைத்து வெல்டிங் மட்டும்தான். சில்லை வெட்டும்போது கதவுகளை மூடி வைத்து, பாடிக்கு அடியில் சமமாக முட்டுக் கொடுங்கள். இல்லாவிட்டால் பாடி தொங்கி, பிறகு கதவு பொருந்தாது.

வெல்டிங் மட்டும் நான் செய்யவில்லை. வீட்டுக்கே வந்து செய்யும் ஒருவரை இரண்டு நாள் வைத்துக்கொண்டேன். சி.ஓ.2 வெல்டிங் வைத்திருப்பவராகப் பார்த்து அழையுங்கள். கேட், கிரில் செய்பவரின் ஆர்க் வெல்டிங் இந்த மெல்லிய தகரத்தில் ஓட்டை போட்டுவிடும். 20 கேஜ் தகரம் போதும். ஒரே இழுப்பில் இழுக்காமல், இங்கே ஒரு பொட்டு அங்கே ஒரு பொட்டு என்று ஆறவிட்டு வைக்கச் சொல்லுங்கள், தகரம் நெளியாது.

அவர் வருவதற்கு முன் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். பெட்ரோல் டேங்கையும் கழற்றித் தூரமாகக் கொண்டுபோய் வையுங்கள். காலி டேங்க்தானே என்று விட்டுவிடக் கூடாது. உள்ளே தங்கிய ஆவிதான் வெடிக்கும். பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரும் தீயணைப்பானும் இருக்கட்டும். வண்டிக்கு அடியில் போவதாக இருந்தால் ஆக்சில் ஸ்டாண்ட் நான்கு வாங்கியே ஆக வேண்டும். ஜாக்கியை நம்பியோ செங்கல் அடுக்கை நம்பியோ வண்டிக்கு அடியில் படுக்காதீர்கள்.

வெல்டிங் வைத்த இடங்களில் அன்றைக்கே பிரைமர் தடவுங்கள். ஒரு இரவு விட்டாலே செம்மண் நிறம் பூத்துவிடும்.

5. பிரேக் வேலையைப் பெயின்ட்டுக்கு முன் முடியுங்கள்

பிரேக் ஆயில் பெயின்ட்டைத் தின்றுவிடும். எனாமல் மேல் பட்டால் சில நிமிடத்தில் தோல் உரிந்த மாதிரி வந்துவிடும். அதனால் மாஸ்டர் சிலிண்டர், நான்கு சக்கர வீல் சிலிண்டர்கள், பிரேக் ஓஸ், கிளட்ச், பெட்ரோல் ட்யூப் எல்லாவற்றையும் முதலிலேயே முடித்துவிடுங்கள். நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக்தான், கடினமான வேலை இல்லை. ஆனால் உயிர் சம்பந்தப்பட்டது. பழக்கம் இல்லாவிட்டால் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். புதுப் பெயின்ட் மேல் பிரேக் ஆயில் சிந்திவிட்டால் துடைக்காதீர்கள், உடனே தண்ணீரை ஊற்றிக் கழுவுங்கள்.

6. பழைய பெயின்ட் என்ன வகை என்று பாருங்கள்

பஞ்சில் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) தின்னர் நனைத்து, மறைவான ஓர் இடத்தில் ஒரு நிமிடம் வையுங்கள். நிறம் பஞ்சில் கரைந்து வந்தால் பழையது என்.சி. பெயின்ட். தோல் மாதிரி சுருங்கினால் சிந்தெடிக் எனாமல். ஒன்றும் ஆகாவிட்டால் சூட்டில் காய்ச்சிய பெயின்ட் அல்லது இரண்டு டப்பா கலக்கும் வகை. எனாமல் மேல் என்.சி. பெயின்ட்டையோ என்.சி. தின்னர் கலந்த எதையுமோ போடக் கூடாது. அடியில் இருப்பது தூக்கிக்கொண்டு வந்துவிடும். மாறாக, நன்றாக ஒட்டியிருக்கும் எந்தப் பழைய பெயின்ட் மேலும் தேய்த்துவிட்டு எனாமல் அடிக்கலாம்.

பி.யூ. (பாலியூரித்தேன்) பெயின்ட்டைத்தான் கடைக்காரர்கள் முதலில் எடுத்துக் காட்டுவார்கள். பளபளப்பும் உழைப்பும் அதற்கு அதிகம் என்பது உண்மை. ஆனால் அதை இறுக வைக்கக் கலக்கும் ஹார்ட்னரில் ஐசோசயனேட் இருக்கிறது. மூச்சுக்குள் போனால் தீராத ஆஸ்துமா வரலாம். சாதாரண மாஸ்க் அதைத் தடுக்காது. குழந்தைகள் இருக்கும் வீட்டில் அதைத் திறக்கவே வேண்டாம். கையால் அடிக்கச் சிந்தெடிக் எனாமல்தான் சரி. மெதுவாகக் காய்வதால் ரோலர் தடம் தானாகவே படிந்து மறையும்.

பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்க வாய்ப்புண்டு. அதை உலர்வாகத் தேய்த்துத் தூசி பறக்கவிடாதீர்கள். வாட்டர் பேப்பர் என்கிற உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்து, சேற்றைத் துணியில் துடைத்து எடுங்கள்.

தேய்ப்பதற்கு முன் பம்பர், விளக்கு, கைப்பிடி, பீடிங், நம்பர் பிளேட் எல்லாம் கழற்றிவிடுங்கள். டேப் ஒட்டி மறைத்து அடித்தால் ஓரங்களில் உரியத் தொடங்கும். ஒவ்வொன்றின் ஸ்குரூவையும் தனித்தனிக் கவரில் போட்டுப் பெயர் எழுதி வையுங்கள். கழற்றும்போதே போனில் படம் எடுத்துவிட்டால் மாட்டும்போது தவிக்க வேண்டியதில்லை.

7. பட்டி

பட்டி என்பது ஒடுக்கை நிரப்ப அல்ல, தட்டி எடுத்தபின் மிச்சமிருக்கும் மேடுபள்ளத்தைச் சமப்படுத்த. மூன்று மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. 100 கிராம் பேஸ்ட்டுக்கு 2 கிராம் ஹார்ட்னர் போதும். சீக்கிரம் இறுகட்டும் என்று அதிகம் போட்டால் பிற்பாடு நிறம் மேலே ஊறி வரும். நம் ஊர் வெயிலில் பத்துப் பதினைந்து நிமிடத்தில் இறுகிவிடும். ஆகவே எலுமிச்சை அளவுக்கு மேல் ஒரே தடவையில் கலக்காதீர்கள்.

இங்கேதான் என் முதல் முறை கெட்டது. நம் பக்கத்தில் பட்டியைத் தண்ணீர் விட்டுத் தேய்ப்பது வழக்கம். தூசி பறக்காது, பேப்பரும் அதிகம் செலவாகாது. ஆனால் இந்தப் பட்டி பஞ்சு மாதிரி தண்ணீரை இழுத்துக்கொள்ளும். நான் ஐப்பசியில் தண்ணீர் விட்டுத் தேய்த்து, மேலே கை வைத்தால் உலர்ந்திருக்கிறது என்று அன்று மாலையே ரெட் ஆக்சைடு பிரைமர் அடித்து, மறுநாள் எனாமலும் போட்டுவிட்டேன். மூன்றாவது வாரம் வெயிலில் வண்டி நின்றபோது, வலது பின் மட்கார்டில் கடுகு கடுகாகக் கொப்பளம். ஊசியால் ஒன்றைக் குத்தினேன். உள்ளிருந்து ஒரு துளித் தண்ணீர் வந்தது.

பட்டியை உலர்வாகவே தேய்யுங்கள். முதலில் 80, பிறகு 180, கடைசியில் 320 நம்பர் பேப்பர். பேப்பரை விரலால் பிடிக்காமல் ஒரு மரக்கட்டையில் சுற்றிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் விரல் தடம் பள்ளமாகும். நல்ல மாஸ்க் போடுங்கள். சமமாகிவிட்டதா என்று கண்ணால் பார்க்காதீர்கள். கண்ணை மூடி உள்ளங்கையால் தடவினால் சரியாகத் தெரியும்.

8. பிரைமர்

ரெட் ஆக்சைடு கேட்டுக்கும் கிரில்லுக்கும் சரி. காருக்கு எபாக்சி பிரைமர் வாங்குங்கள். இரண்டு டப்பா கலப்பது, விலையும் இரண்டு மடங்கு. ஆனால் ஈரத்தை உள்ளே விடாது, பிரஷ்ஷாலேயே அடிக்கலாம். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். டப்பாவில் போட்டிருக்கும் அளவுப்படியே கலக்குங்கள், கண்மதிப்பு கூடாது. இரண்டு கை (கோட்) அடித்து, ஒரு நாள் விட்டு, 400 நம்பர் பேப்பரால் மெல்லத் தேய்த்துவிடுங்கள். தேய்க்காமல் எனாமல் அடித்தால் பிடிக்காது.

பிரைமருக்கு முன் சேஸ் எண் பொறித்த இடத்தில் மாஸ்கிங் டேப்பை இரண்டு சுற்று ஒட்டிவிடுங்கள். இதை நான் மறந்தேன். அதன் விளைவைக் கடைசியில் சொல்கிறேன்.

9. ரோலரால் எனாமல் அடிப்பது

நிறம் ஒத்துப்போக, சீட்டுக்கு அடியிலோ டிக்கி உள்ளேயோ வெயில் படாத ஒரு பாகத்தைக் கழற்றி, மெருகேற்றும் ரப்பிங் காம்பவுண்ட் போட்டுத் துடைத்து, நிறம் கலக்கும் டின்டிங் மெஷின் உள்ள பெயின்ட் கடைக்கு எடுத்துப் போங்கள். கடையின் டியூப்லைட்டில் பார்க்காமல் வாசலுக்கு வந்து பகல் வெளிச்சத்தில் ஒப்பிடுங்கள். மூன்று லிட்டரையும் ஒரே தடவையில் கலக்கி வாங்கிவிடுங்கள். பாதியில் தீர்ந்துபோய் இரண்டாவது தடவை கலக்கினால் நூலிழை வித்தியாசம் வரும், பானட்டும் கதவும் தனித்தனியாகத் தெரியும்.

நான்கு அங்குல ஃபோம் ரோலர், நெருக்கமான ஃபோமாகப் பார்த்து வாங்குங்கள். கம்பளி ரோலர் வேண்டாம், முடி உதிரும். பெயின்ட்டில் மினரல் டர்பன்டைன் பத்துப் பதினைந்து சதவீதம் கலந்து, பழைய நைலான் துணியில் வடிகட்டுங்கள். குச்சியை நனைத்துத் தூக்கினால் காய்ச்சிய பால் மாதிரி வழிய வேண்டும்.

ரோலரைத் தட்டில் நன்றாக உருட்டி, கிட்டத்தட்ட காய்ந்தது போல் ஆன பிறகு வண்டியில் வையுங்கள். அழுத்தாதீர்கள். முதலில் குறுக்காக, உடனே நெடுக்காக. சின்னச் சின்னக் குமிழிகள் தெரியும். ஒரு நிமிடத்துக்குள் உலர்ந்த மிருதுவான பிரஷ்ஷின் நுனியால் ஒரே திசையில் வருடிவிட்டால் உடைந்துவிடும். அதற்குமேல் அந்த இடத்தைத் தொடாதீர்கள். தூசி ஒட்டியிருந்தாலும் விடுங்கள், காய்ந்தபின் தேய்த்து எடுத்துக்கொள்ளலாம். ஈரத்தில் எடுக்கப் போய்த்தான் எல்லாரும் கெடுத்துக்கொள்கிறார்கள்.

ஒவ்வொரு பாகமாக முடியுங்கள். கதவு ஒன்று, மட்கார்டு ஒன்று. கூரைக்கு மட்டும் இரண்டு பேர் வேண்டும். என் மைத்துனர் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் நின்று, நடுவிலிருந்து அவரவர் பக்கம் இழுத்து வந்தோம். தனியாக அடித்தால் ஒரு பக்கம் முடிவதற்குள் மறு பக்கத்தின் ஓரம் காய்ந்து, நடுவில் கோடு நிற்கும்.

முதல் கை அடித்ததும் மனசு உடைந்துபோகும். திட்டுத் திட்டாக, அடியில் பிரைமர் தெரிய, அசிங்கமாக இருக்கும். அப்படித்தான் இருக்க வேண்டும். அதை மறைக்கக் கனமாக அடித்தால் வழிந்து கண்ணீர்க் கோடு விழும், உள்ளே காயவும் காயாது. நான் மொத்தம் ஐந்து கை அடித்தேன். ஒவ்வொன்றுக்கும் நடுவில் குறைந்தது 24 மணி நேரம். இரண்டாவது கைக்குப் பிறகு 600 வாட்டர் பேப்பர், நான்காவதுக்குப் பிறகு 800. தண்ணீர் விட்டுத் தேய்த்தபின் அரை நாள் வெயில் காட்டி நன்றாக உலர்த்துங்கள். மடிப்பு விளிம்புகளில் பேப்பர் படாமல் டேப் ஒட்டிக்கொண்டால் தகரம் தெரியாது.

பெயின்ட் துடைத்த துணிகளைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். எனாமல் காயும்போது சூடாகும். குவித்துப் போட்ட துணி தானாகவே தீப்பிடிக்கலாம். விரித்துக் கொடியில் காயப்போடுங்கள்.

10. காயவிடுங்கள்

தொட்டால் ஒட்டாது என்பதால் காய்ந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். நகத்தால் அழுத்தினால் தடம் விழாத அளவுக்கு இறுக நான்கு வாரம் ஆகும். அதுவரை கவர் போட்டு மூடாதீர்கள், துணி அச்சு விழும். பம்பரையும் கைப்பிடியையும் பத்து நாள் கழித்து மெதுவாக மாட்டலாம். நான்கு வாரம் கழித்து 1500, பிறகு 2000 வாட்டர் பேப்பரில் சோப்புத் தண்ணீர் விட்டுத் தேய்த்து, ரப்பிங் காம்பவுண்டைக் கையாலேயே போட்டேன். மெஷின் வைத்தால் சூடேறி எனாமல் இளகிவிடும்.

கிட்டே போய் உற்றுப் பார்த்தால் ஸ்பிரே அடித்ததுபோல் இருக்காது. நான்கடி தள்ளி நின்றால் யாரும் கண்டுபிடிக்கவில்லை.

11. ஆன செலவு

வெல்டிங், தகரம் 4,000. பிரேக் வேலை 6,500. ரப்பர் எல்லாம் 4,200. ஆக்சில் ஸ்டாண்ட் 3,400. பட்டி, பிரைமர், எனாமல், பேப்பர், ரோலர், டேப், மாஸ்க், காம்பவுண்ட் சேர்த்து 6,900. முதல் முறை வீணானது 3,000. மொத்தம் 28,000 ரூபாய். மூன்று லிட்டர் எனாமலின் விலை இதில் வெறும் 1,150. அதனால் எனாமலில் மிச்சம் பிடிக்காதீர்கள், மட்ட ரகம் வாங்காதீர்கள். வேலை நாள் கணக்குப் பார்த்தால் தை கடைசியில் தொடங்கி, காயவிட்ட நாட்களையும் சேர்த்துப் பத்து வாரம்.

12. ஆய்வுக்குப் போகும் நாள்

ஆர்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்று, அடையாள அட்டை, முகவரிச் சான்று, கட்டணம் கட்டிய ரசீது, படிவம் 25 எல்லாம் ஒரே ஃபைலில் இருக்கட்டும். பத்மினி 1089 சி.சி. என்பதால் மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் 1000 முதல் 1500 சி.சி. பிரிவில் வரும். 2022-இல் நிர்ணயித்த விலை 3,416 ரூபாய், ஜி.எஸ்.டி. தனி. புகைச் சான்று எடுக்கப் போவதற்கு முன் ஏர் ஃபில்டரைச் சுத்தம் செய்து, கார்பரேட்டரைச் சரிபார்த்து, இருபது நிமிடம் ஓட்டி என்ஜினைச் சூடாக்கிக்கொள்ளுங்கள். ஹார்ன், வைப்பர், இண்டிகேட்டர், பிரேக் விளக்கு எல்லாவற்றையும் முந்தின நாள் இரவே போட்டுப் பாருங்கள்.

ஆய்வில் சேஸ் எண்ணின் மேல் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்சு எடுப்பார்கள். என் வண்டியில் எபாக்சியும் ஐந்து கை எனாமலும் எண்ணை நிரப்பியிருந்தன. காகிதத்தில் ஒன்றுமே விழவில்லை, திருப்பி அனுப்பிவிட்டார்கள். உங்களுக்கும் அப்படி ஆனால் அரமோ கிரைண்டரோ வைத்து அந்த இடத்தைத் தொடவே தொடாதீர்கள். எண்ணைத் திருத்தியதாகச் சந்தேகம் வந்தால் மீள்வது கஷ்டம். பெயின்ட் ரிமூவரைப் பஞ்சில் தொட்டு வைத்து, பத்து நிமிடம் ஊறவிட்டு, பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்யுங்கள். எனக்கு நான்கு தடவை செய்ய வேண்டியிருந்தது. பிறகு வீட்டிலேயே ஒரு காகிதத்தில் நீங்களே அச்சு எடுத்து, எல்லா எழுத்தும் எண்ணும் ஆர்.சி.யோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். திரும்பி வந்ததும் அந்த இடத்தில் மெல்லிதாகக் கிரீஸ் தடவி வையுங்கள், அடுத்த புதுப்பிப்புவரை துருவேறாமல் இருக்கும்.